சைட்டில் வேலை பார்ப்பவர் மாநாட்டுக்குக் கட்டுரை எழுதுவது எப்படி

எண்ணூர்ப் பக்கம் ஒரு கிடங்குக்கு அடித்தளம் போட்டுக்கொண்டிருந்தோம். 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள பைல்கள், அதாவது மண்ணில் ஆழமாகத் துளை போட்டுக் கான்கிரீட் நிரப்பிய தூண்கள், ஒவ்வொன்றும் 100 டன் தாங்க வேண்டியவை. போட்ட பைலைச் சரிபார்க்கும் ரொட்டீன் டெஸ்ட்டில் அதன் ஒன்றரை மடங்கு, அதாவது 150 டன் வரை ஏற்றிப் பார்க்க வேண்டும். பைல்களுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 2911-இன் நான்காம் பகுதியின்படி, அந்த விட்டத்துக்கு அந்தப் பளுவில் இறக்கம் 12 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. எங்கள் பைல் 120 டன்னிலேயே 12-ஐத் தாண்டிவிட்டது. இறக்கத்தை அளக்கும் டயல் கேஜைத் தட்டிப் பார்த்தோம், பளு ஏற்றும் ஜாக்கைச் சரிபார்த்தோம், முள் நகர்ந்துகொண்டேதான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லா சைட்டிலும் நடப்பதுதான். கூடுதலாக இரண்டு பைல் போட்டோம், பைல்களின் தலையை இணைக்கும் கான்கிரீட் கட்டையான பைல் கேப்பை மாற்றி வரைந்தோம், அறிக்கை எழுதி ஃபைலில் வைத்தோம். ஒரு வருடம் கழித்து, வேறொரு கம்பெனியில் இருந்த நண்பர் ராத்திரி பத்து மணிக்கு போன் செய்தார். அதே கடற்கரை, அதே களிமண், அதே மாதிரி இறக்கம். நாங்கள் மூன்று வாரம் தேடிக் கண்டுபிடித்த காரணத்தை அவருக்குப் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. எனக்கு போன் செய்யத் தெரியாத இன்னொரு இன்ஜினியர் என்ன செய்வார்?

மறுநாள் எங்கள் ஜியோடெக் (மண், அடித்தளம்) கன்சல்டன்ட்டிடம் இதைச் சொன்னேன். "இதை எழுதி ஐஜிசிக்கு அனுப்புப்பா" என்றார். ஐஜிசி என்றால் இந்திய ஜியோடெக்னிக்கல் மாநாடு. நான் சொன்னேன்: "சார், நான் வெறும் பி.இ. அங்கே எல்லாரும் பிஎச்டி." அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த பைல் இறங்கினப்போ அங்கே எந்த பிஎச்டி நின்னாரு?"

சைட்டில் இருக்கிற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது அடித்தள வேலையில், அதனால் உதாரணங்களும் அங்கிருந்தே வரும். மின்சாரம், வார்ப்பு, சாலை என்று எந்தத் துறையில் இருந்தாலும் வழி ஏறக்குறைய இதுதான்.

சைட் ஆள் எழுதியது எதற்கு உதவும்

1913 அக்டோபரில் கனடாவின் வின்னிபெக் அருகே டிரான்ஸ்கோனா என்ற இடத்தில், புதிதாகக் கட்டிய பெரிய தானியக் கிடங்கில் கோதுமையை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அடியில் இருந்த களிமண் தாங்கவில்லை. மொத்தக் கட்டடமும் உடையாமல் அப்படியே ஒரு பக்கமாக ஏறத்தாழ 27 டிகிரி சாய்ந்துவிட்டது. பிறகு அதை நிமிர்த்தி மறுபடி பயன்படுத்தினார்கள். அது சாய்ந்த விதத்தையும் நிமிர்த்திய விதத்தையும் அலெக்சாண்டர் அலேர் என்ற பொறியாளர் 1916-இல் அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் வெளியீட்டில் எழுதி வைத்தார்.

அவர் எழுதியபோது மண் இயந்திரவியல் என்ற துறையே சரியாகப் பிறந்திருக்கவில்லை. அந்தத் துறையின் தந்தை எனப்படும் டெர்சாகியின் முதல் பெரிய நூல் வந்தது 1925-இல். அந்தத் துறைக்கான முதல் சர்வதேச மாநாடு ஹார்வர்டில் கூடியது 1936-இல். 1950-களில் ரால்ஃப் பெக், பிரையன்ட் என்ற பொறியாளர்கள் டிரான்ஸ்கோனாவில் ஆழ்துளை போட்டு மண் எடுத்துச் சோதித்தார்கள். மண்ணின் வலுவிலிருந்து கணக்கிட்ட தாங்குதிறன், கிடங்கு சாய்ந்த நேரத்தில் மண்ணின் மேல் இருந்த அழுத்தத்தோடு நெருக்கமாக ஒத்துப்போனது. 1953-இல் அவர்கள் வெளியிட்ட அந்த ஒப்பீட்டை இன்றும் வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். நிஜமான கட்டடம் நிஜமான மண்ணில் எந்தப் பளுவில் சாய்ந்தது என்பதை யாரோ குறித்து வைத்திருந்ததால்தான் அந்தக் கணக்கைச் சரிபார்க்க முடிந்தது.

பேராசிரியரிடம் ஆய்வகம் இருக்கிறது, மென்பொருள் இருக்கிறது. முழு அளவு பைல் ஒன்று பழுதாவதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு அவருக்கு அபூர்வம். அது நமக்குக் கிடைக்கிறது. கிடைத்ததை ஃபைலில் வைத்துப் பூட்டிவிடுகிறோம்.

எதை எழுதுவது

முதல் முறை எழுதுகிறவர் பெரும்பாலும் மொத்த புராஜெக்ட்டையும் எழுதப் பார்ப்பார். எத்தனை பைல், எத்தனை மாதம், எவ்வளவு கான்கிரீட் என்று நீளும். அது கம்பெனியின் விளம்பரப் புத்தகத்துக்குச் சரி. மாநாட்டுக்கு ஒரே ஒரு கேள்வி போதும்.

கேள்வியைக் கண்டுபிடிக்க நான் பின்பற்றும் வழி இது. கடந்த இரண்டு வருட வேலையை நினைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் "இப்படி ஆகும்னு நினைக்கலையே" என்று சொன்னீர்கள்? கணக்குப்படி வர வேண்டியது வராத இடம், தரநிலை (கோட்) சொன்னதற்கும் சைட்டில் வந்ததற்கும் பெரிய இடைவெளி இருந்த இடம், வழக்கமான முறையை விட்டு வேறு மாதிரி செய்து வேலை நடந்த இடம். அங்கேதான் கட்டுரை இருக்கிறது. தோல்வியாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு தாங்கிய பைலும் நல்ல விஷயம்தான், ஏன் தாங்கியது என்று காட்ட முடிந்தால்.

அடுத்து, கையில் எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். என் கதையில் எண்கள் இருந்த இடம் வேறு. பைல் லாக் படிவத்தில் துளையின் ஆழம், கான்கிரீட் அளவு, தேதி எல்லாம் இருந்தன. ஃப்ளஷிங், அதாவது துளையின் அடியைக் கழுவிச் சுத்தம் செய்வது, எப்போது முடிந்தது, கான்கிரீட் எப்போது தொடங்கியது என்பதற்குக் கட்டமே இல்லை. அதைக் குறித்து வைத்திருந்தவர் எங்கள் பைலிங் சூப்பர்வைசர், சட்டைப் பையில் வைத்திருக்கும் சின்ன நோட்டில். யாரும் கேட்காமலே, பழக்கத்தில் எழுதியது. அதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: இறங்கிய அந்த பைலுக்கு ஃப்ளஷிங் முடிந்து நாலு மணி நேரம் கழித்தே கான்கிரீட் வந்திருக்கிறது. மணலிச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றதால் மிக்ஸர் வண்டிகள் வர முடியவில்லை. மறுபடி ஃப்ளஷ் செய்யாமலே கான்கிரீட் ஊற்றும் குழாயான ட்ரெமியை இறக்கிவிட்டார்கள்.

சந்தேகத்தை உறுதி செய்ய பைலின் நடுவே துளைத்து உருளை வடிவில் கான்கிரீட் மாதிரி, அதாவது கோர், எடுத்தோம். கான்கிரீட் முடிகிற ஆழத்தில், துளைக்கும் குழாயான கோர் பேரல் சட்டென்று ஒரு சாண் நழுவி இறங்கியது. அடியில் இருந்தது கசடு. அதன் பிறகு, அடுத்து வந்த ஆறு துளைகளில் ஒரு சின்னச் சோதனை செய்தோம். ஃப்ளஷிங் முடிந்ததும் சங்கிலியில் குண்டைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்தோம். அரை மணிக்கு ஒரு முறை மறுபடி பார்த்தோம். ஆழம் குறையக் குறைய, அடியில் எவ்வளவு படிகிறது என்று தெரிந்துவிட்டது. செலவு ஒன்றுமில்லை, ஒரு ஆளும் ஒரு சங்கிலியும்தான். கட்டுரையின் முக்கியமான வரைபடம் அதிலிருந்துதான் வந்தது: கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் கசடின் கனம்.

ஆகவே, வேலை நடக்கும்போதே அளந்து வையுங்கள். முடிந்த பிறகு அளக்க முடியாது.

அனுமதி

இதை எழுதுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு கிளையன்ட் மறுத்தால் எல்லா உழைப்பும் வீண். ஒப்பந்தத்தில் ரகசியக் காப்புப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். உங்கள் மேலாளருக்கும் கிளையன்ட்டுக்கும் எழுத்து மூலம் கேளுங்கள். "கட்டுரை எழுதலாமா" என்று பொதுவாகக் கேட்டால் தயங்குவார்கள். ஒரு பக்கச் சுருக்கத்தை இணைத்து, "இடத்தின் பெயர், நிறுவனங்களின் பெயர், வரைபட எண் எதுவும் வராது, அனுப்புமுன் உங்களுக்குக் காட்டுவோம்" என்று எழுதிக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். நான் கேட்டதில் ஒரு முறைதான் மறுத்தார்கள். அந்த விஷயத்தை அத்தோடு விட்டுவிட்டேன்.

பெயரை எடுத்த பிறகும் படங்களில் மாட்டிக்கொள்ள இடமுண்டு. புகைப்படத்தின் பின்னால் கம்பெனி பலகை, ஹெல்மெட்டில் லோகோ, வரைபடத்தின் மூலையில் டைட்டில் பிளாக். ஒவ்வொன்றாகப் பார்த்து வெட்டுங்கள். புதிய கருவியோ முறையோ கண்டுபிடித்திருந்தால், காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு அப்புறம் கட்டுரையை அனுப்புங்கள்.

எந்த மாநாடு

அடித்தளம், மண் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்திய ஜியோடெக்னிக்கல் மாநாடு, அதாவது ஐஜிசி. 1948-இல் தொடங்கிய இந்திய ஜியோடெக்னிக்கல் சங்கம் ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் வாக்கில் வெவ்வேறு ஊரில் நடத்துவது. 2016-இல் சென்னையிலும் 2021-இல் திருச்சியிலும் நடந்தது. கள அனுபவங்களுக்கென்றே தனித் தலைப்பு வைப்பார்கள், அதைத் தேர்ந்தெடுங்கள். பைல், மண்ணுக்குள் கட்டும் சுவரான டயஃப்ரம் வால் போன்ற ஆழ் அடித்தள வேலைக்காரர்களுக்கு டீப் ஃபவுண்டேஷன்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் இந்தியப் பிரிவு நடத்தும் மாநாடும் இருக்கிறது. அங்கே வருபவர்களில் கான்ட்ராக்டர்களும் கன்சல்டன்ட்களும் நிறைய, முதல் மேடைக்கு நல்ல இடம். ஷம்ஷேர் பிரகாஷ் என்ற இந்தியப் பேராசிரியர் 1984-இல் அமெரிக்காவில் கள அனுபவங்களுக்கு மட்டுமே ஒரு சர்வதேச மாநாட்டைத் தொடங்கினார். அப்படி ஒரு மாநாடு தேவைப்பட்டது என்பதே, சைட்டிலிருந்து வருவதற்கு இந்தத் துறையில் எவ்வளவு மதிப்பு என்று காட்டுகிறது.

எதற்கு அனுப்பினாலும், அந்த மாநாட்டின் பழைய கட்டுரைகளில் குறைந்தது ஐந்தைப் படியுங்கள். மண் இயந்திரவியலுக்கான சர்வதேச சங்கமான ஐஎஸ்எஸ்எம்ஜிஇ தன் மாநாடுகளின் பழைய தொகுதிகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. உங்கள் விஷயத்தை ஏற்கெனவே யார் தொட்டிருக்கிறார்கள் என்பதும் அப்போது தெரியும்.

போலி மாநாடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதியவர்களைத்தான் அவர்கள் தேடி வருகிறார்கள். 2005-இல் எம்ஐடி மாணவர்கள் மூவர் கணினி நிரலை வைத்து அர்த்தமே இல்லாத ஒரு கட்டுரையை உருவாக்கி அனுப்பினார்கள். ஆர்லாண்டோவில் நடக்கவிருந்த ஒரு மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. அந்த நிரல் எழுதிய மாதிரியான 120-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் புகழ்பெற்ற பதிப்பகங்களின் தொகுதிகளிலேயே இருந்தது பின்னால் தெரியவந்து, 2014-இல் நீக்கினார்கள். ஆகவே பதிப்பகத்தின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். நான் பார்ப்பவை இவை: சிவில், மருத்துவம், மேலாண்மை, வணிகம் எல்லாம் ஒரே மாநாட்டில் இருக்கிறதா? அனுப்பிய இரண்டு நாளில் "ஏற்கப்பட்டது, பணம் கட்டுங்கள்" என்று வருகிறதா? குழுவில் பெயர் போட்டிருக்கும் பேராசிரியருக்கு அது தெரியுமா? கடைசிக் கேள்விக்கு அவருக்கே ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஒரு முறை அப்படிக் கேட்டபோது, தன் பெயர் அதில் இருப்பதே அந்தப் பேராசிரியருக்குத் தெரியவில்லை.

சுருக்கம்

முழுக் கட்டுரைக்கு முன்னால் 200 முதல் 300 சொல்லுக்குள் ஒரு சுருக்கம் கேட்பார்கள். மாநாட்டுக்குப் பல மாதம் முன்பே கெடு வந்துவிடும், காலண்டரில் குறித்து வையுங்கள். என் முதல் சுருக்கம் இப்படித் தொடங்கியது:

"அடித்தளம் கட்டுமானத்தின் மிக முக்கியமான பகுதி. இந்தியாவில் பைல் அடித்தளங்கள் பரவலாகப் பயன்படுகின்றன. இக்கட்டுரை பைல்களின் தரக் கட்டுப்பாட்டில் உள்ள சிக்கல்களை விவாதிக்கிறது."

கன்சல்டன்ட் படித்துவிட்டு, "இதுல உன் சைட் எங்கேப்பா இருக்கு?" என்றார். உட்கார்ந்து மாற்றி எழுதினோம்:

"கடலோரக் களிமண்ணில் போட்ட 600 மிமீ பைல் ஒன்று, ரொட்டீன் டெஸ்ட்டில் 150 டன்னை எட்டுமுன்பே, 120 டன்னில், 12 மிமீ இறங்கியது. ஃப்ளஷிங் முடிந்து நான்கு மணி நேரம் கழித்துக் கான்கிரீட் போடப்பட்டிருந்தது. பைலின் அடியில் கசடு இருந்ததைக் கோர் எடுத்து உறுதி செய்தோம். அதே சைட்டில் ஆறு துளைகளில் கசடு படியும் வேகத்தை அரை மணிக்கு ஒரு முறை அளந்தோம். அந்த அளவீடுகளையும், அவற்றைக் கொண்டு வகுத்த கால வரம்பையும் இக்கட்டுரை தருகிறது."

இரண்டாவதில் என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம், படிக்கிறவருக்கு என்ன கிடைக்கும் என்ற மூன்றும் இருக்கின்றன. முதலாவதை எந்தக் கல்லூரி மாணவரும் சைட்டுக்கே போகாமல் எழுதிவிடலாம்.

முழுக் கட்டுரை

ஆங்கிலத்தில் எழுத வேண்டுமே என்ற பயம் பலரையும் நிறுத்திவிடுகிறது. டிப்ளமா முடித்து இருபது வருடம் துளையிடும் ரிக்கோடு வாழ்ந்தவர்கள், சொல்ல ஆயிரம் இருந்தும், இதனாலேயே பேனாவைத் தொடுவதில்லை. அவர்களுக்கு நான் சொல்வது: முதலில் தமிழில் சொல்லுங்கள். போனில் பேசிப் பதிவு செய்யுங்கள், பக்கத்து சைட் நண்பருக்கு விளக்குகிற மாதிரி. அதைக் கேட்டு வரிசையாக எழுதினால் கட்டுரையின் எலும்புக்கூடு வந்துவிடும். அப்புறம் சின்னச் சின்ன வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுதி, தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துத் திருத்தலாம். அலங்கார ஆங்கிலத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. மற்றவர் கட்டுரையிலிருந்து பத்தியை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் அது தெரிந்துவிடும், உங்கள் சொந்த அளவீட்டின் மேலும் சந்தேகம் விழும்.

வார்த்தையை விட்டுவிட்டு முதலில் படங்களைத் தயார் செய்யுங்கள். துளையில் கண்ட மண் அடுக்குகளின் பதிவான போர்லாக் ஒன்று, பளுவுக்கும் இறக்கத்துக்குமான வளைகோடு ஒன்று, உங்கள் சொந்த அளவீட்டு வரைபடம் ஒன்று, நல்ல புகைப்படம் ஒன்று. இவற்றை மேசையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றின் கீழும் "இது என்ன சொல்கிறது" என்று இரண்டு வரி எழுதினால், பாதிக் கட்டுரை முடிந்த மாதிரி. மண்ணைப் பற்றிய தகவலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மண்ணின் உறுதியைக் காட்டும் எஸ்பிடி சோதனை எண்கள், நீர்மட்டம், களிமண்ணின் கனம் எல்லாவற்றையும் கொடுங்கள். டிரான்ஸ்கோனாவுக்கு நடந்தது போல, நாற்பது வருடம் கழித்து ஒருவர் உங்கள் எண்களை எடுத்து வேறொரு கணக்கைச் சரிபார்க்கலாம்.

தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். எங்கள் கட்டுரையில், பளுவில் பக்கவாட்டு உராய்வு தாங்கியது எவ்வளவு, அடிமுனை தாங்கியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் கருவி இருக்கவில்லை. அதை ஒரு வரியில் வெளிப்படையாகச் சொன்னோம்.

யார் பெயர் போடுவது என்பதையும் ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். வேலையில் கை வைத்தவர்கள் பெயர் வர வேண்டும், பதவியில் இருப்பதற்காக மட்டும் ஒருவர் பெயர் வரக் கூடாது. எங்கள் சூப்பர்வைசரை இணை ஆசிரியராகவே போட்டோம். தரவு அவருடைய நோட்டிலிருந்து வந்தது.

மதிப்பீட்டாளர் கருத்து

இரண்டு மூன்று பேர் படித்துவிட்டுக் கேள்வி அனுப்புவார்கள். முதல் முறை படிக்கும்போது கோபம் வரும், ஒரு நாள் விட்டு மறுபடி படியுங்கள். எங்களுக்கு வந்த ஒரு கேள்வி: "குறைபாடு அடியில்தான், பக்கவாட்டில் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. கோர் பேரல் நழுவியதை நாங்கள் ஒரு வரியில் கடந்து போயிருந்தோம். அதை விரித்து எழுதி, கோர் பெட்டியின் புகைப்படத்தையும் சேர்த்தோம். அதனால் கட்டுரை நிஜமாகவே மேம்பட்டது. பதில் அனுப்பும்போது இடப்பக்கம் அவர் கேள்வி, வலப்பக்கம் நாம் செய்த மாற்றமும் பக்க எண்ணும் என்று அட்டவணையாகக் கொடுங்கள். ஏற்காத கருத்துக்கு ஏன் ஏற்கவில்லை என்று மரியாதையாக எழுதுங்கள். நிராகரித்தாலும் அந்தக் கருத்துகளை வைத்துத் திருத்தி வேறொரு மாநாட்டுக்கு அனுப்பலாம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.

பதிவுக் கட்டணம், பயணச் செலவு இரண்டையும் கம்பெனியிடம் கேளுங்கள். சங்க உறுப்பினர்களுக்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவு.

மேடையில்

பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் தருவார்கள். முன்னுரை ஸ்லைடுகளைத் தூக்கிவிட்டு, பைல் இறங்கிய வளைகோட்டிலிருந்தே தொடங்குங்கள். சைட் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். வீட்டில் இரண்டு முறை கடிகாரம் வைத்துப் பேசிப் பாருங்கள். தெரியாத கேள்வி வந்தால் "அதை நாங்கள் அளக்கவில்லை" என்று சொன்னால் போதும்.

நான் பேசி முடித்துக் கீழே வந்தபோது கொச்சியில் வேலை பார்க்கும் ஒருவர் காத்திருந்தார். அவர்கள் சைட்டிலும் இதே மாதிரி ஆகியிருக்கிறது, துளை சரியாமல் தாங்கும் பெண்டோனைட் குழம்பின் மேல் பழி போட்டுவிட்டு விட்டுவிட்டார்களாம். டீ ஆறும் வரை பேசிக்கொண்டிருந்தோம். கசடு அளக்கும் சங்கிலிக்குக் குண்டு எவ்வளவு எடை, அடிப்பக்கம் தட்டையா கூம்பா என்று கேட்டுத் தன் நோட்டில் படம் வரைந்துகொண்டார்.

ஊர் திரும்பிய வாரமே எங்கள் பைல் லாக் படிவத்தை மாற்றினோம். சூப்பர்வைசர் தன் நோட்டில் எழுதிவந்தது இப்போது படிவத்திலேயே இரண்டு கட்டமாக இருக்கிறது: ஃப்ளஷிங் முடிந்த நேரம், கான்கிரீட் தொடங்குமுன் அளந்த ஆழம்.